அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து: டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக் (பந்தை எறிந்தோ ஓடியோ தாக்குதலை நடத்துபவர்) வின்ஸ் யங்கின் ஆண்டுகள்: உங்களை விடாமல் உறுத்தும் ஆட்டம் எது? (அனுபவப் பகிர்வு)

ஓரக்கோடு

ரோஸ் பவுலை (சீசன் முடிவில் நடக்கும் பெரிய ஆட்டம்) எல்லோரும் எழுதத்தான் போகிறீர்கள். எனக்கு உறுத்துவது கான்சஸ் ஆட்டம். 2004 நவம்பர் 13, கான்சஸ் அணியின் ஊரான லாரன்ஸ். டெக்சாஸ் 20-23 என்று பின்தங்கியிருக்கிறது, நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, நாலாவது டவுன் (கிடைக்கும் நாலு முயற்சிகளில் கடைசி), தேவை 18 யார்டு. அந்த இடத்தில் யாரும் ஓட்டத்தை அழைக்க (பந்தோடு ஓடும்படி திட்டம் சொல்ல) மாட்டார்கள். அன்று அழைத்ததும் பாஸ்தான், அதாவது எறிதல்.

ஆனால் 18 யார்டைக் காக்க வேண்டுமென்றால் டிஃபென்ஸ் பின்னால் போயே ஆகவேண்டும். ரிசீவரோடு (எறிந்த பந்தைப் பிடிப்பவர்) ஓடுகிறவர்கள் குவாட்டர்பேக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறார்கள், நடுவில் பெரிய வெற்றிடம். யங் அதைக் கண்டதும் கிளம்பிவிட்டார். 18 யார்டுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒருவர் சரியான இடத்தில்தான் நின்றார். யங் இடுப்பை ஒரு வெட்டு வெட்டினார், அவ்வளவுதான், நின்றவர் கையில் எதுவும் சிக்கவில்லை. 22 யார்டு. பிறகு 11 விநாடி மிச்சமிருக்கும்போது டோனி ஜெஃப்ரிக்கு 21 யார்டு டச் டவுன் (எதிரணிக் கோட்டுக்கு அப்பாலுள்ள எண்ட் ஜோனில் பந்தைச் சேர்த்து 6 புள்ளி) பாஸ். 27-23.

அந்த ஓட்டம் 17 யார்டில் நின்றிருந்தால் அந்த ஆண்டு ரோஸ் பவுல் அழைப்பே வந்திருக்காது. மிஷிகனுக்கு எதிரான 38-37 கிடையாது. அந்த ரோஸ் பவுலில் அவர் ஓடிய 192 யார்டும் நாலு டச் டவுனும் யாருக்கும் தெரிந்திருக்காது.

வடக்குகேலரி

ஓரக்கோடு, கதையைப் பாதியில் தொடங்கிவிட்டீர்கள். அதற்கு முன் கான்சஸ் பிடித்த பாஸ் ஒன்று ஃபர்ஸ்ட் டவுனாகி (புதிதாக நாலு முயற்சி கிடைத்து) இருக்க வேண்டியது. ரிசீவர் தள்ளினார் என்று ஃபிளாக் (நடுவரின் தவறுக் கொடி) விழுந்து ரத்தாகி, பந்தை உதைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. கான்சஸ்காரர்களுக்கு உறுத்துவது அந்த ஃபிளாக்; 22 யார்டு அப்புறம்தான். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

பின்வரிசை_10

2005 அக்டோபர் 29, ஓக்லஹோமா ஸ்டேட்டின் ஊரான ஸ்டில்வாட்டர். ஓக்லஹோமா ஸ்டேட் 28-9 என்று முன்னால் நிற்கிறது. டெக்சாஸ் அதுவரை தோல்வியே பார்க்காத அணி, அங்கே சரிந்தால் சாம்பியன்ஷிப் போச்சு. இடைவேளைக்கு முன் ஒரு ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கிடையே உதை, 3 புள்ளி), 28-12. இரண்டாம் பாதி தொடங்கியதுமே யங்கின் 80 யார்டு ஓட்டம். முடிவு டெக்சாஸுக்கு 47-28. யங் ஓட்டத்தில் 267, பாஸில் 239, மொத்தம் 506 யார்டு.

அந்த 80 யார்டு ஓட்டத்தில் துரத்துகிறவர்களை மட்டும் பாருங்கள். யாருமே மெதுவாக ஓடவில்லை, கோணத்தில்தான் தப்பு செய்கிறார்கள். ஆறடி ஐந்தங்குல உயரம், நீண்ட எட்டு. கால் நிதானமாகத்தான் விழுகிறது, அதனால் வேகம் குறைவு என்று கண் நம்பிவிடுகிறது. நெடுஞ்சாலையில் எதிரே வரும் பேருந்தின் தூரத்தைத் தப்பாகக் கணிப்பது மாதிரி. பிடித்துவிடலாம் என்று சேஃப்டி (டிஃபென்ஸின் கடைசிக் காவலர்) நேராகக் குறுக்கே வருகிறார், வந்து சேரும்போது யங் இரண்டு எட்டு முன்னால் இருக்கிறார். ஆழமாகப் பின்வாங்கி எண்ட் ஜோன் பக்கம் கோணம் எடுத்திருந்தால் 40 யார்டில் நிறுத்தியிருக்கலாம்.

பாக்கெட்வாசி

இந்தத் திரி போகிற போக்கைப் பார்த்தால் கடைசியில் "நல்ல ஓட்டக்காரர்" என்றுதான் நிற்கும் போலிருக்கிறது. 2004இல் 12 டச் டவுன் பாஸுக்கு 11 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட எறிதல்). அந்த அக்டோபரில் ஓக்லஹோமாவிடம் 12-0, ஒரு புள்ளிகூட இல்லை. அடுத்த வாரம் மிசௌரி ஆட்டத்தின் நடுவில் அவரை உட்காரவைத்துவிட்டு மாற்றுக் குவாட்டர்பேக் சான்ஸ் மாக்கை இறக்கினார்கள். இதையும் எழுதுங்கள்.

வடக்குகேலரி

எழுதலாமே. ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். அந்த 12-0க்குப் பிறகு யங் டெக்சாஸுக்காக ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. தொடர்ந்து 20 வெற்றி. தொடக்க வீரராக மொத்தக் கணக்கு 30 வெற்றி, 2 தோல்வி. அதே 2004 நவம்பரில் ஓக்லஹோமா ஸ்டேட் 35-7 என்று முன்னால் போனபோது அவர் போட்டது 21 பாஸ், சேர்ந்தது 18, யார்டு 278. முடிவு 56-35. கையால் திருப்பிய ஆட்டம் அது.

யங்கின் பக்கவாட்டு எறிதலைத் திருத்தச் சொல்லி எழுதாதவர்கள் கிடையாது. பந்து காதுக்குக் கீழிருந்து கிளம்புகிறது என்பது உண்மைதான். ஆனால் ஆறடி ஐந்தங்குலக்காரரின் காதுக்குக் கீழ் என்பது மற்றவர்களின் தலைக்கு மேல். டெக்சாஸ் அதைத் திருத்தப் போகாமல், ஷாட்கனில் (முன்வரிசைக்குச் சில யார்டு பின்னால்) நிறுத்தி, ஸ்னாப் (ஆட்டத்தைத் தொடங்கப் பின்னால் தரும் பந்து) வந்ததும் பார்வை தெளிவாகும்படி ஆட்டத்தை அமைத்தது. 2005இல் 26 டச் டவுன் பாஸ், 10 இன்டர்செப்ஷன், 65 சதவீதத்துக்கு மேல் துல்லியம்.

கண்ணாடிப்பெட்டி

வணக்கம். எனக்கு ஒட்டிக்கொண்டது கொலம்பஸில் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிரான 25-22. லிமஸ் ஸ்வீட் பிடித்த 24 யார்டு பாஸ், மிச்சம் 2:37. அவ்வளவுதான் என் பங்கு.

நான் எழுத வந்தது வேறொன்று. பழைய வீடியோவை எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன், புதிதாகப் பார்க்கிறவர்கள் பந்தின் பின்னாலேயே கண்ணை ஓட்டி ஏமாந்துபோகிறார்கள்.

ஜோன் ரீட் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குவாட்டர்பேக் சென்டருக்கு (பந்தைப் பின்னால் தருபவர்) ஏறத்தாழ 5 யார்டு பின்னால், ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) அவருக்குப் பக்கத்தில். பேக் வலப்புறம் நின்றால் ஓட்டம் இடப்புறம் போகும், லைன் (முன்வரிசைத் தடுப்பாளர்கள்) மொத்தமும் இடப்புறம் அடி எடுத்துவைக்கும். வலக்கோடியில் இருக்கும் டிஃபென்சிவ் எண்டை (எதிரணி முன்வரிசையின் ஓரத்து ஆள்) வேண்டுமென்றே யாரும் தொடமாட்டார்கள். அவரைத் தடுக்க வேண்டிய டாக்கிள் (லைனின் ஓரத் தடுப்பாளர்) மேலே ஏறி லைன்பேக்கரை (எதிரணியின் இரண்டாம் வரிசைக் காவலர்) பிடிக்கிறார். தடுக்கவே தடுக்காமல் ஒருவரை ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுவதுதான் இதன் லாபம்.

குவாட்டர்பேக் பந்தைப் பேக்கின் வயிற்றில் வைத்தபடி அந்த எண்டின் தோள்களைப் பார்க்கிறார். தோள் உள்பக்கம் திரும்பினால் பந்தை உருவிக்கொண்டு வெளியே ஓட வேண்டும். தோள் நேராக நின்றால் கொடுத்துவிட வேண்டும். பேக் தன் உடம்பைத் தாண்டுவதற்குள் முடிவெடுத்தாக வேண்டும். அரை நொடி தாமதித்தால் பேக் கையை மூடிவிடுவார், இவர் இழுப்பார், பந்து தரையில். ஜோன் ரீடில் நடக்கிற ஃபம்பிள்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான்.

இதை முறிக்க டிஃபென்ஸ் வைத்திருக்கும் தந்திரம் ஆள் மாற்றுவது. எண்ட் வேண்டுமென்றே உள்ளே பாய்வார், குவாட்டர்பேக் உருவுவார், வெளியே ஒரு லைன்பேக்கர் சுற்றிவந்து காத்திருப்பார். அதற்கு மாற்று, டைட் எண்டை (லைனின் ஓரத்தில் நிற்கும் தாக்குதல் வீரர்) அந்தப் பக்கம் அனுப்பி, எதிரணி எண்டைத் தொடாமல் தாண்டிப்போய் லைன்பேக்கரை அடைக்கச் செய்வது. எனவே முதல் தடவை பார்க்கும்போது எண்டை மட்டும் பாருங்கள். இரண்டாவது தடவை லைன்பேக்கரின் முதல் அடி. மூன்றாவது தடவைதான் பந்து. டிவி கேமரா பந்தைத் துரத்தும், அது போதாது. எண்ட் ஜோனுக்குப் பின்னாலிருந்து எடுத்த கோணம் கிடைத்தால் அதையே எடுங்கள்.

யங்கிடம் இதெல்லாம் ஏன் உடைந்தது என்றால், எண்ட் அசையாமல் நடுவில் காத்திருந்தாலும், சரியாகவே ஆடினாலும், இவர் உருவிக்கொண்டு அவரைச் சுற்றி ஓடிவிடுவார். விதிப்படி அங்கே கொடுத்திருக்க வேண்டும். விதி சராசரிக் கால்களுக்கு எழுதப்பட்டது.

பாக்கெட்வாசி

கண்ணாடிப்பெட்டி, நன்றி, எண்ட் ஜோன் கோணம் பற்றிச் சொன்னது பயனுள்ளது. ஆனாலும் கேட்கிறேன். 2006 ஜனவரி 4, யு.எஸ்.சி.க்கு (சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) எதிரான ரோஸ் பவுல், இரண்டாம் கால்பகுதி. வின்ஸ் யங் ஓடிவந்து சக வீரர் செல்வின் யங்குக்குப் பந்தைப் பக்கவாட்டில் தட்டிவிட்டார், டச் டவுன். ஆனால் தட்டுவதற்கு முன் முழங்கால் தரையில். கல்லூரி ஆட்டத்தில் எதிராளி தொட்டிருக்கவே வேண்டாம், முழங்கால் பட்டாலே ஆட்டம் அங்கே முடிந்தது. தொட்டால்தான் கணக்கு என்பது தொழில்முறை லீகான என்.எஃப்.எல். விதி. ரீப்ளேயில் திருத்தியிருக்க வேண்டும், திருத்தவில்லை. அந்த 6 புள்ளி எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை. கடைசி வித்தியாசம் வெறும் 3.

பின்வரிசை_10

செரிக்க வேண்டாம், தவறுதான். ஆனால் முழங்கால் பட்ட இடம் எண்ட் ஜோன் கோட்டிலிருந்து ஏறக்குறைய 10 யார்டில். அடுத்த டவுன் டெக்சாஸுக்குத்தான், குறைந்தது ஃபீல்ட் கோல் தூரம். போன புள்ளி 6 என்று கழித்துவிட முடியாது. அந்த டச் டவுனுக்குப் பிறகு கூடுதல் புள்ளி உதையையும் தவறவிட்டார்கள் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சங்கிலிக்காரன்

அந்த யு.எஸ்.சி. ஆட்டத்தின் கடைசி ஓட்டத்தையே எல்லோரும் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அதே டிரைவில் (பந்தை வைத்து முன்னேறும் தொடரில்) மூன்றாவது டவுன், தேவை 12. என்னை விடாதது அதுதான்.

38-26 பின்தங்கியிருந்து, 4:03 மிச்சமிருக்கும்போது யங் 17 யார்டு ஓடி 38-33. அடுத்து யு.எஸ்.சி. நாலாவது டவுனில் லென்டேல் ஒயிட்டைக் கொண்டு முட்டியது, நின்றுபோனது. அவர்களின் நட்சத்திர ஓட்டக்காரர் ரெஜி புஷ் அந்த ஸ்னாப்புக்குக் களத்திலேயே இல்லை. 2:09 மிச்சம், டெக்சாஸ் தன் 44 யார்டிலிருந்து தொடங்குகிறது. 56 யார்டு போக வேண்டும். உடனே சிக்கல், மூன்றாவது டவுனுக்கு 12. குவான் காஸ்பிக்குப் பாஸ், 7 யார்டுதான். போதாது. ஆனால் தடுத்தவர் கை ஹெல்மட் கம்பியில் பட்டுவிட்டது. அந்தக் காலத்தில் தெரியாமல் பிடித்த ஃபேஸ்மாஸ்க்குக்கு 5 யார்டு தண்டனை. 7ம் 5ம் 12. சரியாக ஃபர்ஸ்ட் டவுன். 2008இல் அந்த 5 யார்டு தண்டனையையே எடுத்துவிட்டார்கள்.

நாலாவது டவுன், தேவை 5 என்ற கடைசித் தருணத்துக்கு வருகிறேன். முந்தைய பாஸ் ஸ்வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. இந்தத் தடவையும் அழைத்தது பாஸ்தான். யாரும் கழன்றுகிடைக்கவில்லை, வலது விளிம்பைக் காக்க ஒருவரும் மிச்சமில்லை. யங் ஓடினார்: 8 யார்டு, வலது மூலை பைலான் (எண்ட் ஜோன் மூலைக் குறி), மிச்சம் 19 விநாடி. லாரன்ஸில் செய்ததையேதான் செய்தார் என்று ஓரக்கோடு சொல்லியிருக்கலாம், விட்டுவிட்டார். இரண்டிலும் டிஃபென்ஸ் பாஸைத்தான் காத்தது.

ஹைஸ்மன்கணக்கு

அன்று யங்கின் கணக்கு: பாஸ் 40இல் 30, 267 யார்டு. ஓட்டம் 19, 200 யார்டு, மூன்று டச் டவுன். அதற்குச் சில வாரம் முன்பு ஹைஸ்மனை (ஆண்டின் சிறந்த கல்லூரி வீரர் விருது) புஷ்ஷுக்குக் கொடுத்திருந்தார்கள், யங் இரண்டாவது. தவறான வாக்களிப்பு என்று சொல்ல மாட்டேன், ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டுக்கு எதிராக புஷ் ஒரே ஆட்டத்தில் 513 யார்டு சேர்த்த ஆண்டு அது. பவுல் ஆட்டத்துக்கு முன்பே வாக்கெடுப்பு முடிந்துவிடுகிறது என்பதுதான் என் மனக்குறை.

இன்னொன்று. 2005இல் பாஸ் 3,036, ஓட்டம் 1,050. கல்லூரி ஆட்டத்தின் மேல் பிரிவில் ஒரே சீசனில் 3,000ம் 1,000மும் கடந்த முதல் ஆள். என்.எஃப்.எல். எண்களோடு இதை ஒப்பிடும் நண்பர்களுக்கு: கல்லூரிக் கணக்கில் சாக் ஆகி (எறியும் முன் பிடிபட்டு) இழக்கும் யார்டு ஓட்டக் கணக்கிலிருந்து கழிக்கப்படும், என்.எஃப்.எல்.இல் அணியின் பாஸ் கணக்கில் கழிப்பார்கள். ஆக அந்த 1,050 கழித்த பிறகு மிஞ்சியது. கால்கள் உண்மையில் ஓடியது அதைவிட அதிகம்.

ஓரக்கோடு

சங்கிலிக்காரன் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்களும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்த டச் டவுனோடு 39-38தான். ஒரு புள்ளி முன்னிலையில் ஒரு ஃபீல்ட் கோல் போதும் தோற்க. அதனால் உதைக்காமல் இரண்டு புள்ளிக்குப் போனார்கள், அதையும் யங்கே ஓடி முடித்தார், 41-38. மிச்சமிருந்த 19 விநாடியில் யு.எஸ்.சி. டெக்சாஸ் பாதிக்குள் வந்தேவிட்டது. 39-38 என்று இருந்திருந்தால் இன்னும் சில யார்டில் வெற்றிக்கான உதை. 41-38இல் அதே உதை சமன் மட்டும்தான் செய்யும், அதனால் யு.எஸ்.சி. குவாட்டர்பேக் மாட் லைனார்ட் கடைசியாக எண்ட் ஜோன் பக்கம் நீளமாக எறிய வேண்டியதாயிற்று. பந்து ரிசீவரின் தலைக்கு மேலே போனது.