துண்டுக்குள்ள விலை, எழவு வீட்டுல மௌனம்

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் போச்சம்பள்ளி ஞாயித்துக்கிழமை மாட்டுச் சந்தை, காரிமங்கலம் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தைக்கெல்லாம் புதுசாப் போறவங்க, "ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசல"ன்னு சலிச்சுக்கறது வழக்கம். ரெண்டு பேர் கைமேல துண்டைப் போட்டுக்கிட்டு நின்னா, நடுவுல போய் "என்ன விலை?"ன்னு கேக்காதீங்க. முதுகைத்தான் காட்டுவாங்க. துண்டுக்கு அடியில பேரம் ஓடிட்டிருக்கும். ஒரு விரலைப் பிடிச்சா ஒண்ணு, மூணைச் சேர்த்துப் பிடிச்சா மூணு, மொத்தக் கையும் பிடிச்சா அஞ்சு. அது ஆயிரமா, பத்தாயிரமாங்கறது மாட்டைப் பார்த்தாலே ரெண்டு பேருக்கும் தெரியும். கேட்ட விலை வெளிய தெரிஞ்சுட்டா, இந்தப் பேரம் முறிஞ்சதும் அடுத்து வர்ற ஆளு அதுக்கு மேல ஏத்த மாட்டான். துண்டு தோளுக்குப் போனப்புறம் தரகரைத் தனியாக் கூப்பிடுங்க, நல்லாவே பேசுவாரு.

——

விலை பேசறதைச் சொன்னீங்க, கயித்தைப் பத்திச் சொல்லாம விட்டுட்டீங்களே. பணத்தை எண்ணி மடியில வெச்சதும் மாட்டுல இருக்கற கயித்தை வித்தவங்க அவுத்துக்குவாங்க. கஞ்சத்தனம் இல்ல. கயித்தோட கொடுத்தா பட்டியில இருக்கற லட்சுமியும் கூடவே போயிடும்னு நம்பிக்கை. அதனால புதுக் கயிறு முன்னாடியே வாங்கி வெச்சுக்குங்க. பழசை அவுக்கறதுக்கு முன்னாடியே புதுசைக் கட்டிடணும், இல்லன்னா மிரண்ட மாடு கூட்டத்துல நிக்காது.

கேக்காமலே வாயைப் பொளந்து பல்லைப் பாக்கறதும் தப்பில்ல. பால் பல்லு விழுந்து முளைச்ச பெரிய பல்லு ரெண்டுன்னா சுமார் 2 வயசு, எட்டும் சேர்ந்துட்டா 4, 5 ஆச்சு. பாக்காம வாங்கினாத்தான் வித்தவரு உள்ளுக்குள்ள சிரிப்பாரு.

——

எழவு வீட்டுல இன்னும் சங்கடம். படியேறி வர்றவங்களை "வாங்க"ன்னு கூப்பிட மாட்டாங்க, கூப்பிடக் கூடாது. வாசல்ல உக்காந்திருக்கற ஆம்பளைங்க கையை நீட்டுவாங்க. ரெண்டு கையாலயும் தொட்டுட்டுப் பேசாம உக்காருங்க, அதுதான் துக்கம் கேக்கறது. கிளம்பறப்போ வாய் தவறிக்கூட "போயிட்டு வரேன்" வந்துடக் கூடாது. எழுந்து நடந்துட வேண்டியதுதான், யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க.

——

கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆளுங்களுக்கு ஒண்ணு. தர்மபுரியில அம்மாவையும் அண்ணனையும் "வா, போ"ன்னு பேசற வீடு நிறைய. "ங்க" போட்டே பழகின காதுக்கு அது அதட்டல் மாதிரி கேக்கும். அதட்டல் இல்ல, நெருக்கம். சம்பந்தி கிட்ட "ங்க" தவறினா மட்டும் அது வேற பஞ்சாயத்து.