விழுந்த எல்க் எழுந்து ஓடிவிட்டது. குண்டு எங்கே பட்டிருக்கும்?

குளிர்மலை:
வணக்கம். கொலராடோ, கன்னிசன் பக்கம், இரண்டாவது ரைஃபிள் (துப்பாக்கி) வேட்டை சீசன். எனக்கு இதுதான் முதல் எல்க் (வட அமெரிக்காவின் பெரிய மான்) வேட்டை. துப்பாக்கி .308, 165 கிரெய்ன் எடைக் குண்டு, 200 யார்டில் குறிபார்த்த இடத்திலேயே படும்படி ஜீரோ வைத்தது.

காலை எட்டு மணி வாக்கில், எனக்கு மேலே நல்ல செங்குத்தான சரிவில் ஆண் எல்க் ஒன்று பக்கவாட்டில் நின்றது. தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் 300 யார்டு காட்டியது. அந்தத் தூரத்தில் குண்டு எட்டு அங்குலம் இறங்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அதனால் தோளுக்கு நேராக, உடம்பின் நடுமட்டத்துக்கு எட்டு அங்குலம் மேலே பிடித்துச் சுட்டேன்.

பொத்தென்று அங்கேயே விழுந்தது. நாலு காலும் மேலே. நண்பன் கட்டிப்பிடித்துக் குதித்தான். அரை நிமிஷம் இருக்காது, எழுந்து தள்ளாடி, பைன் மரங்களுக்குள் போய்விட்டது. அன்று முழுக்க, மறுநாள் மதியம் வரை தேடினோம். கிடைக்கவில்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை. எங்கே தப்பு?

சுடுமணல்:
.308 எல்க்குக்குப் போதாது தம்பி. அதைவிட வலுவான 300 வின்செஸ்டர் மேக்னம் வாங்குங்க.

ஒற்றைக்கொம்பு:
சுடுமணல், கோபிக்காதீங்க, துப்பாக்கி மேல் பழி போடுவது சுலபம். கொலராடோ சட்டப்படி எல்க்குக்குக் குறைந்தபட்சம் 6 மி.மீ. துளை, 85 கிரெய்ன் விரியும் குண்டு, 100 யார்டில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் இருந்தால் போதும். .308 அதைவிட எவ்வளவோ மேல். நான் மொன்டானாவில் பதினாறு வருஷமாகப் போகிறேன், பாதி எல்க் .308-ல்தான்.

குளிர்மலை, ரெண்டு விஷயம் சொல்லுங்க. விழுந்த இடத்தில் என்ன கிடந்தது? ரத்தம் எந்த நிறம்?

குளிர்மலை:
கொத்தாக நீள முடி கிடந்தது அண்ணா, நுனி கறுப்பு. ரத்தம் கொஞ்சம்தான், நல்ல சிவப்பு, நுரை கிடையாது. இருநூறு தப்படிக்குள் சுத்தமாக நின்றுவிட்டது. சாணம், பச்சை நாற்றம் எதுவும் இல்லை.

ஒற்றைக்கொம்பு:
நினைத்தேன். நுரையீரலில் பட்டிருந்தால் ரத்தம் இளஞ்சிவப்பாக நுரைத்திருக்கும். ஈரல் என்றால் கருஞ்சிவப்பு. வயிறு என்றால் பச்சைக் கசடும் நாற்றமும் வரும். உங்களுடையது மூன்றும் இல்லை, மேல் சதை.

பலருக்குத் தெரியாதது ஒன்று: எல்க்கின் முதுகெலும்பு முதுகின் மேல்கோட்டை ஒட்டிப் போவதில்லை. தோளுக்கு மேல் தெரிகிற அந்த மேடு, முதுகெலும்பிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளெலும்புகளும் சதையும்தான். தண்டுவடம் அங்கே ஒரு சாண் கீழே போகிறது. முள்ளெலும்பில் குண்டு பட்டால் அந்த அதிர்ச்சி தண்டுவடத்துக்குப் போய்க் கால்கள் செயலிழக்கும். மின்னல் அடித்த மாதிரி விழும். தண்டு அறுபடவில்லை என்றால் உணர்வு திரும்பியதும் எழுந்து ஓடும். இப்படிப்பட்ட காயம் ஆறிப் பிழைக்கவும் வாய்ப்புண்டு.

அதனால்தான் நின்ற இடத்தில் விழுவதைப் பார்த்தால் எனக்குப் பயம். நுரையீரலில் வாங்கியது பெரும்பாலும் அப்படி விழாது. ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கும், இல்லை ஐம்பது அறுபது யார்டு ஓடிச் சாயும்.

ஏட்டுக்கணக்கு:
கணக்கும் சேருகிறது. சரிவு 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குண்டின் இறக்கத்தைத் தீர்மானிப்பது கிடைமட்டத் தூரம். 300-ஐ 0.87-ஆல் (30 டிகிரியின் கோசைன்) பெருக்கினால் சுமார் 260 யார்டு. அதற்கு இறக்கம் ஐந்து அங்குலம் போல்தான். மூன்று அங்குலம் அங்கேயே மேலே போய்விட்டது. அடுத்தது, கீழிருந்து சுட்டதால் உடம்புக்குள்ளும் குண்டு ஏறிக்கொண்டேதான் போகும், 30 டிகிரியில் அடிக்கு ஏழு அங்குலம். தோலில் பட்ட இடம் ஓரளவு சரியாக இருந்தாலும், உடம்பின் நடுவுக்குப் போகும்போது தண்டுவடத்துக்கு மேலே ஏறியிருக்கும்.

உங்கள் ரேஞ்ச்ஃபைண்டரில் சரிவுக் கணக்கு இருக்கிறதா, பாருங்க.

குளிர்மலை:
இருக்கிறது. அணைத்து வைத்திருந்தேன். 😔

வெட்டுக்கத்தி:
நான் சீசனில் இறைச்சி வெட்டும் கடையில் வேலை பார்த்தவன். உள்ளே என்ன எங்கே இருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்தவன் சொல்கிறேன், 'உடம்பின் நடு' என்பதை மறந்துவிடுங்க. பக்கவாட்டில் நின்றால் முன்னங்காலின் பின்விளிம்பைப் பிடித்து மேலே வாங்க, நெஞ்சின் அடிக்கோட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நில்லுங்க. அதற்குக் கீழே இதயம், மேலே நுரையீரல். மேலே தவறினாலும் நுரையீரல்தான்.

உங்களை நோக்கிச் சாய்வாகத் திரும்பி நின்றால் பொறுங்க, தோள் எலும்பு குறுக்கே வரும். எதிர்ப்பக்கம் சாய்வாகத் திரும்பி நின்றால் உங்களுக்கு அப்பால் உள்ள முன்னங்கால் வழியாகக் குண்டு வெளியே வரும்படி பிடிங்க, குண்டு விலாவின் பின்பகுதியில் நுழையும். தலை, கழுத்து ஆசையே வேண்டாம். தாடை உடைந்து போன எல்க்கை நான் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி எழுத மனசு வரவில்லை.

ஒற்றைக்கொம்பு:
வெட்டுக்கத்தி சொன்னதோடு ஒன்று: விழுந்தாலும் ஸ்கோப்பிலிருந்து (குறிபார்க்கும் தொலைநோக்கி) கண்ணை எடுக்காதீங்க. போல்ட்டை இழுத்து அடுத்த குண்டை ஏற்றுங்க. தலை தூக்கினால் உடனே இன்னொன்று. கட்டிப்பிடிப்பது அப்புறம். நம்ம ஆட்களில் பலருக்கு அப்பா, தாத்தா சொல்லிக்கொடுத்து வந்த வித்தை இல்லை இது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு ஊரில் மிளாவைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. அதுவும் எல்க்கைவிடச் சிறிய உருவம்தான்.

குளிர்மலை:
ஒரு வாரம் கழித்து வருகிறேன். சரிவு உள்ள திடலுக்குப் போனேன். ஒன்பது அங்குலக் காகிதத் தட்டு, மேலே 300 யார்டு, உட்கார்ந்த நிலை, மூட்டில் சாய்த்து. பழைய மாதிரி எட்டு அங்குலம் மேலே பிடித்ததில் ஐந்தும் தட்டின் மேல் பாதியில், இரண்டு விளிம்பில். சரிவுக் கணக்கைப் போட்டுப் பிடித்ததில் நான்கு நடுவில், ஒன்று வெளியே, அது நான் மூச்சை அடக்காத தப்பு. ஐந்துக்கு ஐந்து வரும்வரை 200 யார்டுக்கு மேல் சுடுவதில்லை.

இன்னொரு சந்தேகம். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன் சுட்டு, நுரை ரத்தம் தெரிந்தால் உடனே பின்னால் போகலாமா?

வெட்டுக்கத்தி:
அரை மணி காத்திருங்க. அதற்குள் இருட்டிவிடும், அதனால் சுட்ட இடத்திலும் கடைசியாகப் பார்த்த மரத்திலும் அடையாளம் கட்டிவிட்டு விளக்கோடு போங்க. வயிற்று ரத்தம் என்றால் விடியும்வரை தொடவே கூடாது.