மறு: பாட்டினாவுக்கு என்ன சொல்? 'களிம்பு' வேண்டாமே

ஐயா, பழைய பொருளின் மேற்பரப்பில் காலப்போக்கில் ஏறும் தோற்றத்தை ஆங்கிலத்தில் 'பாட்டினா' (patina) என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல் என்று நான் கேட்டதற்கு நீங்கள் சொன்ன 'களிம்பு' செம்புக்கும் வெண்கலச் சிலைக்கும் சரி. ஆனால் நான் தமிழாக்கிக்கொண்டிருப்பது இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையின் மருத்துவ உதவியாளர்கள் அணிந்த எம்1 தலைக்கவசங்களைச் சேகரிப்பவர்களுக்கான ஒரு குறிப்பு. அதில் 'நல்ல களிம்பு உள்ள கவசம்' என்று எழுதி வீட்டில் படிக்கக் கொடுத்தேன். "மருத்துவப் படை என்பதால் உள்ளே மருந்து தடவி வைத்திருப்பார்களா?" என்று கேள்வி வந்தது. அதோடு களிம்பை விட்டுவிட்டேன்.

'துரு'வும் போதாது. கவசம் மாங்கனீசு எஃகு, துருப்பிடிக்கும்தான், ஆனால் இங்கே பேச்சு பெயின்ட்டைப் பற்றியது. ஆலிவ் பச்சையின் மேல் வெள்ளை வட்டம், அதற்குள் செஞ்சிலுவை. சிலுவை இருந்தால் விலை பல மடங்கு என்பதால், சாதாரணப் பழைய கவசத்தில் நேற்று சிலுவை வரைந்து விற்பவர்கள் ஏராளம். கவசம் அசல், சிலுவை போலி! அதைக் கண்டுபிடிக்க ஒரு கீறலை லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். அசலில் கீறல் சிவப்பையும் வெள்ளையையும் பச்சையையும் அறுத்துக்கொண்டு எஃகு வரை போயிருக்கும், வெள்ளை பழுப்பேறியிருக்கும். போலியில் பழைய கீறலின் பள்ளத்துக்குள்ளேயே சிவப்பு இறங்கி உட்கார்ந்திருக்கும்.

இந்த மொத்த நாட்பட்ட தோற்றத்துக்குத்தான் ஒரு சொல் வேண்டும். இன்னொரு நண்பர் 'காலமெருகு' என்றார், காதுக்கு இனிமைதான், எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் மெருகு என்றால் பளபளப்பு அல்லவா? கை பட்டுப் பட்டு வழவழப்பான அம்மிக்கு அது பொருந்தும், மங்கிப்போய் உரிந்து நிற்கும் பெயின்ட்டுக்கு எப்படிப் பொருந்தும்?

என் பரிந்துரை 'மூப்பு'. 'வயதுமூப்பு', 'பணிமூப்பு' என்று ஏற்கெனவே புழங்குகிற சொல் என்பதால் குழப்பம் வரும் என்பீர்கள், ஆனால் வினையோடு சேர்த்துப் பாருங்கள்: தானாக வந்தால் 'மூப்பு ஏறியது', காப்பித்தூளும் உப்புத்தாளும் தேய்த்து வரவழைத்தால் 'மூப்பு ஏற்றியது'. ஏறியதா ஏற்றியதா என்பதுதானே சேகரிப்பவரின் முழுக் கவலையும்! ஓர் எழுத்தில் தமிழ் அதைப் பிரித்துக் கொடுக்கும்போது 'இயற்கைப் பாட்டினா, செயற்கைப் பாட்டினா' என்று ஏன் நீட்டி முழக்க வேண்டும்?

அப்புறம் இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. கவசத்தின் விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய உலோகப் பட்டி ஓடும், அதன் இரு முனைகளும் சேருமிடம் 1944 கடைசி வரை முன்பக்கம் இருந்தது, பிறகு பின்பக்கம் போனது. காலத்தைக் கணிக்க எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான். 'விளிம்பு மூட்டு' என்று வைத்திருக்கிறேன். 'மூட்டு' என்றதும் முழங்கால் ஞாபகம் வருகிறதா, இல்லை தையற்காரர் துணி மூட்டுவது போலப் படுகிறதா?