மின்கவிதை காட்சிக்கலையின் கிளையா?

கேள்வி:
திரையில் எழுத்துகள் நகர்ந்தும் உதிர்ந்தும் மறைந்தும் அமைகின்ற மின்கவிதைகளைப் பற்றி நுண்கலை மாணவர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கவிருக்கிறேன். இவற்றில் பலவற்றை நூலகத்தைவிடக் கலைக்கூடத்தில்தான் பார்க்க முடிகிறது. இவற்றைக் காட்சிக்கலை என்றே கற்பித்துவிடலாமா, அல்லது கவிதையாக வாசித்தால்தான் கிடைக்கக்கூடியது ஏதேனும் உண்டா?

பதில் 1:
உண்டு என்பதே என் உறுதியான கருத்து. எழுத்தின் உருவத்தையும் தாளின் வெற்றிடத்தையும் பொருளின் பகுதியாக்கிய உருவக்கவிதை இயக்கம், 1950களில் பிரேசிலின் சாவோ பாலோ நகரக் கவிஞர்களிடம் வலுப்பெற்றது. அந்த மரபில் வந்த கனடியக் கவிஞர் பிபி நிக்கோல், ஆப்பிள் கணினியில் பேசிக் நிரல்மொழியைக் கொண்டு எழுதிய அசையும் கவிதைகளை 1984இல் ‘ஃபர்ஸ்ட் ஸ்கிரீனிங்’ என்ற பெயரில் ஃபிளாப்பி வட்டில் வெளியிட்டார். ஓவியத்தின் முன் நிற்பவர் தம் விருப்பப்படி கண்ணை எங்கு வேண்டுமானாலும் செலுத்தலாம். இங்கோ ஒரு சொல் எப்போது தோன்ற வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை நிரலே முடிவுசெய்கிறது. செய்யுளில் சீரும் அடியும் செய்யும் வேலை அது. மேலும், நிக்கோலின் அக்கவிதைகளுள் ஒன்று தானாகத் திரைக்கு வருவதே இல்லை. நிரலைத் திறந்து வரிவரியாகப் படிப்பவருக்கே அதை இயக்கும் வழி தெரியும். வாசிப்பைக் கோராத கலையில் இப்படியொரு மறைவிடத்திற்கு இடமேது?

பதில் 2:
மேலே கூறியது நிக்கோலுக்குப் பொருந்தும், எல்லாவற்றுக்கும் பொருந்தாது. காமில் அட்டர்பேக், ரோமி அகிடுவ் ஆகியோர் 1999இல் உருவாக்கிய ‘டெக்ஸ்ட் ரெயின்’ படைப்பில், பார்வையாளர் தம் உருவத்தைப் பெருந்திரையில் காண்கிறார். மேலிருந்து பொழியும் எழுத்துகள் அவருடைய தலையிலும் நீட்டிய கைகளிலும் தங்கி நிற்கின்றன. போதிய எழுத்துகள் கையில் சேர்ந்தால் ஒரு சொல்லோ தொடரோ படிக்கக் கிடைக்கும். ஆனால் பெரும்பாலோர் விளையாடிவிட்டு நகர்ந்துவிடக்கூடும். அவ்வாறு நகர்வதையும் அப்படைப்பு அனுமதிக்கிறது. மாணவர்களிடம் இந்தக் கேள்வியை வையுங்கள்: எழுத்துகளுக்குப் பதிலாக இலைகள் உதிர்ந்தால் படைப்பு எதை இழக்கும்? அங்கே பொழிபவை உடலையும் மொழியையும் பற்றிய ஒரு கவிதையின் வரிகள் என்பதால், இழப்பு உண்டு என்றே நினைக்கிறேன். இருந்தாலும் அதன் முதல் ஈர்ப்பு காட்சியே.

பதில் 3:
பாடலின் எழுத்துகளை ஒரு படத்தின் வடிவத்தில் அடைத்து எழுதும் நம் சித்திரகவியையும் அருகில் வைத்துப் பார்க்கலாம். அதன் ஒரு வகையான, பாம்பு வடிவில் அமையும் நாக பந்தத்தில் பாம்பின் உடல் பின்னிச் சந்திக்கும் இடத்தில் ஓரெழுத்தே இரு வரிகளுக்கும் பொதுவாக நிற்கும். படத்தை எடுத்துவிட்டாலும் பாடலை வாய்விட்டுச் சொல்ல முடியும். மின்கவிதையில் பலவற்றுக்கு அந்த வசதி இல்லை. 2020 முடிவில் ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு நிறுத்தப்பட்டபோது, அதில் செய்யப்பட்ட கவிதைகள் உலாவிகளில் இயங்காமல் போயின. ஆகவே வகுப்பில் காட்டவிருப்பது மூல நிரலா, மறுவடிவமா, காணொளிப் பதிவா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். நிக்கோலின் கவிதைகளைக் காணொளியாக மட்டும் காட்டினால், முதல் பதிலில் சொன்ன அந்த மறைந்த கவிதையைத் தேடிக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு மாணவர்களுக்குக் கிடைக்காது.