எம்42 லென்ஸ், நிக்கான் டி5600: கிட்டே பளிச், தூரத்தில் மங்கல். ஏன்?

நிழல்பிடிப்பான்:
நண்பர்களே, ஓர் உதவி. பழைய சூப்பர் டாகுமார் 55 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் கிடைத்தது. எம்42 மரை, அதாவது திருகி மாட்டும் 42 மி.மீ. வகை. மெல்லிய வளைய அடாப்டர் போட்டு என் நிக்கான் டி5600 கேமராவில் மாட்டினேன். அப்பர்ச்சர் பிரயாரிட்டியில் (ஒளி நுழையும் துளையை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா தேர்வது) ஷட்டரே விழவில்லை. அப்பர்ச்சர் வளையத்தை 1.8-லிருந்து 16 வரை திருகினாலும் படத்தில் மாற்றமே இல்லை. அதைவிடப் பெரிய தொல்லை: பூ, முகமெல்லாம் அருமையாக வருகிறது, இரண்டரை மீட்டரைத் தாண்டினால் முடிவிலியில் வைத்தாலும் மங்கல். யாராவது பிரித்து மாட்டியதில் உள்ளே கண்ணாடி இடம் மாறியிருக்குமோ? கழற்றிப் பார்க்கட்டுமா?

மரையாணி:
ஐயோ, கழற்றாதீர்கள்! லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. மவுண்ட்டிலிருந்து (லென்ஸ் பொருந்தும் வாய்) சென்சார் வரை எம்42-க்கு 45.46 மி.மீ. வேண்டும், உங்கள் கேமராவின் நிக்கான் எஃப் மவுண்ட்டில் இருப்பதோ 46.5. அடாப்டருக்குத் தடிமனே இல்லையென்று வைத்துக்கொண்டாலும் லென்ஸ் 1.04 மி.மீ. முன்தள்ளித்தான் நிற்கும். 55-ஐ 55-ஆல் பெருக்கி 1.04-ஆல் வகுத்தால் சுமார் 2,900 மி.மீ. அதற்கு மேல் ஃபோகஸ் எட்டாது. அடாப்டர் இன்னும் இம்மியளவு தடித்தால் உங்கள் இரண்டரை மீட்டர் வந்துவிடும். இதே கணக்கில் 135 மி.மீ. லென்ஸ் 17 மீட்டர் வரை போகும்.

பழங்கண்ணாடி:
ஷட்டரும் பழுதில்லை. சிப் இல்லாத லென்ஸ் மாட்டினால் இந்த வரிசை கேமராக்கள் மேனுவல் மோடில் மட்டுமே இயங்கும். லைட் மீட்டரும் கிடையாது. ஒரு ஷாட் எடுத்து ஹிஸ்டோகிராமைப் (ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) பார்த்துத் திருத்துங்கள், சீக்கிரம் கை பழகிவிடும்.

லென்ஸின் பின்னால் சின்ன ஊசி ஒன்று இருக்கும் பாருங்கள். ஃபிலிம் கேமரா படமெடுக்கும்போது அதை அழுத்தித்தான் அப்பர்ச்சர் இதழ்களை மூடும். உங்களிடம் அதை அழுத்த ஆளில்லை. லென்ஸின் பக்கத்தில் ஆட்டோ, மேனுவல் என்று ஒரு சுவிட்ச் உண்டு, மேனுவலுக்குத் தள்ளுங்கள். வளையத்தை மூட மூட வ்யூஃபைண்டர் இருட்டும். அதனால் 1.8-இல் லைவ் வ்யூவைப் பெரிதாக்கி ஃபோகஸ் செய்துவிட்டுப் பிறகு மூடுங்கள்.

நிழல்பிடிப்பான்:
சுவிட்சைத் தள்ளியதும் இதழ்கள் அசைகின்றன! கேமராவை மேனுவல் மோடில் வைத்ததும் ஷட்டரும் விழுகிறது. நன்றி சார். நடுவில் கண்ணாடி வைத்த அடாப்டர் வாங்கினால் தூரமும் சரியாகுமா?

மரையாணி:
ஆகும். ஆனால் நான் சிபாரிசு செய்யமாட்டேன். நல்ல லென்ஸுக்குப் பின்னால் மட்டமான கண்ணாடி ஒன்றைச் செருகுகிறோம். 1.8-இல் வெளிச்சப் பகுதிகளைச் சுற்றிப் புகை படிந்த மாதிரி வரும், 5.6, 8 என்று மூடினால்தான் தேறும். அவ்வளவு மூடி எடுப்பதற்கு இந்த லென்ஸ் எதற்கு? பின்னாளில் மிரர்லெஸ் (உள்ளே மிரர் இல்லாத கேமரா) வாங்கினால் தொல்லையே இல்லை. நிக்கான் இசட்டில் மவுண்ட்டிலிருந்து சென்சார் வரையிலான தூரம் 16 மி.மீ., சோனி இ மவுண்ட்டில் 18. நடுவில் வெறும் குழாய் போதும். கேனான் ஈஎஃப் டிஎஸ்எல்ஆரிலும் 44 மி.மீ.தான் என்பதால் எம்42 பொருந்தும். ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) என்றால் மட்டும் கவனம், சில லென்ஸ்களின் பின்பகுதி மிரரில் இடிக்கும்.

பழங்கண்ணாடி:
கேட்க மறந்தேன், படத்தில் மஞ்சள் ஏறுகிறதா? சில டாகுமார்களில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு, வயதாக ஆக மஞ்சளாகும். புற ஊதா விளக்கின் கீழ் சில நாள் வைத்தால் தெளியும்.

நிழல்பிடிப்பான்:
லேசான மஞ்சள் இருக்கிறது, ஒயிட் பேலன்ஸில் சரிசெய்துகொள்கிறேன். கண்ணாடி அடாப்டர் வேண்டாம். இப்போதைக்கு முகங்களை மட்டும் எடுக்கிறேன்.