ஸ்ரீரங்கத்துப் பழைய வீட்டில் மின்சாரக் கார் சார்ஜர்: நாற்பது நிமிடத்தில் நின்றுவிடுகிறது, சுவரை உடைக்கவும் வழியில்லை. உதவுங்கள்

வைதேகி (ஸ்ரீரங்கம்):

வணக்கம். சித்திரை வீதியில் எங்கள் வீடு. தாத்தா காலத்து அக்ரகார வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கடைசியில் கிணறும் கொல்லையும். முன்வாசலிலிருந்து கொல்லைக் கதவு வரை நடந்தால் ஏறத்தாழ 38 மீட்டர். மீட்டர் பெட்டி ரேழியில் இருக்கிறது. கொல்லை பின்புறச் சந்தில் திறக்கிறது. அங்கே மாடு கட்டிய கொட்டகையில்தான் இப்போது காரை நிறுத்துகிறோம்.

கார் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. பேட்டரி 24 யூனிட் கொள்ளும். காருடன் 15 ஆம்பியர் பிளக் வைத்த சார்ஜர் ஒன்று கொடுத்தார்கள். கொட்டகையில் பழைய 15 ஆம்பியர் சாக்கெட் ஒன்று உண்டு. முதல் நாள் அதில் செருகியதும் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. எர்த் இல்லை என்று பொருளாம். தெரிந்த எலெக்ட்ரீஷியன் வந்து சாக்கெட்டைத் திறந்து, உள்ளே விரல் நீளத்துக்கு ஓர் ஒயரைப் போட்டு மூடினார். சிவப்பு விளக்கு போய்விட்டது. ஆனால் சார்ஜ் ஏறத் தொடங்கி முப்பத்தைந்து, நாற்பது நிமிடத்தில் நின்றுவிடுகிறது. பிளக்கைத் தொட்டால் கை வைக்க முடியாத சூடு. சாக்கெட்டின் வலப்பக்கத் துளையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகிவிட்டது.

கார் விற்ற இடத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். 7.2 கிலோவாட் சார்ஜரைச் சுவரில் பொருத்தினால்தான் சரியாகும் என்கிறார். அதற்குக் கூடத்துச் சுவரை நெடுக வெட்டி, சிவப்புத் தரையில் கோடு போட்டு ஒயரை இறக்க வேண்டுமாம். அப்பாவுக்கு 78 வயது. அந்தத் தரையை அவருடைய அப்பா நின்று மெழுகச் செய்தது. அதைக் கீறக் கேட்கும் துணிவு எனக்கில்லை, எனக்கே மனமும் இல்லை.

தினமும் துவாக்குடி வரை போய்வருகிறேன், 50 கிலோமீட்டருக்கு மேல் போகாது. சுவரையும் தரையையும் தொடாமல் இதைச் சரிசெய்ய முடியுமா?

இன்னொன்று. நேற்று மாலை கொட்டகையைக் கழுவிவிட்ட பின் அப்பா வெறுங்காலோடு கார் கதவைத் தொட்டபோது கையில் எறும்பு ஊர்ந்தது போல் இருந்தது என்றார். அப்போது சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

சபாபதி (கும்பகோணம், மின்பணியில் 34 ஆண்டுகள்):

அம்மா, இதைப் படித்தவுடன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். அந்தச் சாக்கெட்டுக்கான பியூஸையும் எடுத்துவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் எலெக்ட்ரீஷியன் போட்டது நியூட்ரலையும் (மின்னோட்டம் திரும்பிப் போகும் ஒயர்) எர்த்தையும் (பூமிக்குப் போகும் பாதுகாப்பு ஒயர்) இணைக்கும் ஒயர். எர்த் இருக்கிறதா என்று சார்ஜர் பார்க்கிறது. நியூட்ரலையே எர்த் என்று காட்டி அதை ஏமாற்றியிருக்கிறார். இப்போது உங்கள் காரின் உடம்பு முழுவதும் நியூட்ரலோடு சேர்ந்திருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு எறும்பு ஊர்ந்தது அதனால்தான். நீளமான மெல்லிய ஒயரில் மின்னோட்டம் போகும்போது நியூட்ரலிலும் சில வோல்ட் ஏறி நிற்கும். அது கார் கதவுக்கு வந்துவிட்டது. இன்று சில வோல்ட். அந்த நியூட்ரல் வழியில் எங்காவது ஒரு முறுக்கு இணைப்பு கருகி விட்டுப்போனால், கதவில் முழு 230 வோல்ட் நிற்கும். எம்சிபியும் (மின்னோட்டம் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்) விழாது, பியூஸும் போகாது. ஈரத் தரையில் வெறுங்கால் என்றால் நினைக்கவே பயமாக இருக்கிறது.

வேறொரு நல்ல எலெக்ட்ரீஷியனை அழைத்து அந்த இணைப்பை எடுக்கச் சொல்லுங்கள். பிறகு மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லி எனக்கு எழுதுங்கள். சாக்கெட்டில் ஃபேஸுக்கும் (மின்சாரம் வரும் ஒயர்) நியூட்ரலுக்கும் இடையே எவ்வளவு, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் எவ்வளவு? அடுத்து, காரைச் செருகாமல், 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பில் தண்ணீர் வைத்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, சாக்கெட்டிலும் மீட்டர் பெட்டியிலும் வோல்டேஜைப் பார்க்க வேண்டும். அந்த எர்த் ஒயர் எங்கே போய் முடிகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும், இது முக்கியம்.

முரளி (திருச்சி):

என் பக்கத்து வீட்டிலும் இப்படித்தான் உள்ளே இணைத்திருக்கிறார்கள். இரண்டு வருடமாக ஸ்கூட்டர் சார்ஜ் ஆகிறது, ஒன்றும் ஆகவில்லை. மின்வாரியமே டிரான்ஸ்பார்மரில் நியூட்ரலை பூமியில்தானே இணைக்கிறது? வீட்டில் செய்தால் மட்டும் என்ன தவறு?

சபாபதி:

தம்பி, கேட்டது நல்லது, பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. டிரான்ஸ்பார்மரில் நியூட்ரலைப் பூமியில் இறக்குவது உண்மை. அங்கிருந்து உங்கள் சாக்கெட் வரை வரும் ஒயரில் எத்தனை இணைப்பு, எத்தனை திருகு! அதில் ஏதாவது ஒன்று விட்டுப்போனால் நியூட்ரல் ஒயர் ஃபேஸாக மாறிவிடும். எர்த் ஒயர் தனியாக இருந்தால் அப்போதும் சாதனத்தின் உடம்பு பூமியோடுதான் இருக்கும். இரண்டையும் சாக்கெட்டில் கட்டிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. இரண்டு வருடம் ஒன்றும் ஆகாதது அந்த இணைப்பு இன்னும் கருகாததால்தான். பக்கத்து வீட்டாரிடம் இன்றே சொல்லுங்கள்.

வைதேகி:

எடுத்துவிட்டோம், ஐயா. காரை இரண்டு நாளாக வெளியே கட்டணச் சார்ஜரில் ஏற்றிக்கொள்கிறேன்.

பார்த்த அளவுகள் இவை. ஃபேஸ்–நியூட்ரல் 231. ஃபேஸ்–எர்த் ஒரு முறை 118, இன்னொரு முறை 90, நிலையாக நிற்கவில்லை. இண்டக்‌ஷன் அடுப்பை ஓடவிட்டபோது சாக்கெட்டில் 214 ஆக இறங்கியது, மீட்டர் பெட்டியில் 228.

எர்த் ஒயரைத் தேடிப்போனோம். கொட்டகையிலிருந்து அடுக்களைச் சுவரோரமாக வந்து, கிணற்றடிக் குழாயில் மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கிவிடப்பட்டிருக்கிறது. அப்பாதான் சொன்னார்: முன்பு அது தெருக் குடிநீர் இணைப்பின் இரும்புக் குழாய், மண்ணுக்குள் நெடுந்தூரம் போகும். பத்து வருடத்துக்கு முன் துருப்பிடித்துவிட்டதால் பிவிசி குழாயாக மாற்றினார்கள். மேலே தெரியும் ஒரு முழ இரும்பு மட்டும் அப்படியே விடப்பட்டிருக்கிறது. எங்கள் எர்த் இத்தனை நாளாக அந்த ஒரு முழ இரும்பில்தான் இருந்திருக்கிறது!

சபாபதி:

பழைய ஊர்களில் நான் அதிகம் பார்த்த கோளாறு இதுதான். குழாயை மாற்றுகிறவருக்கு எர்த் தெரியாது, எர்த் பார்க்கிறவருக்குக் குழாய் தெரியாது.

இப்போது கணக்கு. அந்த அடுப்புக்கு 9 ஆம்பியர் போகையில் உங்கள் வீட்டுக்குள் மட்டும் 14 வோல்ட் வீணாகிறது. சார்ஜர் 14 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அப்போது 22 வோல்ட் போகும். அது 300 வாட்டுக்கு மேல் வெப்பம். அரை இஸ்திரிப் பெட்டி அளவு சூடு மணிக்கணக்கில் உங்கள் சுவருக்குள்ளும் இணைப்புகளிலும் சாக்கெட்டிலும் பரவுகிறது. சார்ஜரின் பிளக்கில் வெப்பத்தை உணரும் கருவி இருக்கும். சாக்கெட் சுட்டதும் அதுதான் நிறுத்துகிறது. அது நிறுத்தியதற்கு நன்றி சொல்லுங்கள், கூரையில் நிற்பது நூறு வருடத்து மரம்.

வீட்டுப் பழைய ஒயரிங்கை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம். மீட்டர் பெட்டியிலிருந்து காருக்கென்று தனி வழி. 6 சதுர மில்லிமீட்டர் செம்பு, மூன்று இழை. 38 மீட்டரில் 15 ஆம்பியருக்கு இழப்பு நான்கு வோல்ட்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். தொடக்கத்தில் 20 ஆம்பியர் எம்சிபியும், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்சாரம் வெளியே கசிந்தால் உணர்ந்து துண்டிக்கும் சுவிட்ச்). ஆர்சிசிபி ‘ஏ’ வகையாக இருக்கட்டும். கார்களின் கசிவில் நேர்மின்னோட்டம் கலந்து வரும், சாதாரண ‘ஏசி’ வகை அதில் மந்தமாகிவிடலாம்.

ஆர்சிசிபி எதற்கு என்று கேட்பார்கள், எர்த்தே போதுமே என்பார்கள். உங்கள் எர்த்தின் மின்தடை 10 ஓம் என்று வையுங்கள். ஃபேஸ் காரின் உடம்பில் பட்டால் பூமிக்குப் போவது 23 ஆம்பியர். 20 ஆம்பியர் எம்சிபி அதற்கு ஒரு மணி நேரமானாலும் விழாமல் இருக்கலாம். ஆர்சிசிபி கண் இமைப்பதற்குள் துண்டித்துவிடும்.

கணேசன் (மின் ஒப்பந்ததாரர், சென்னை):

ஐயா சொல்வதில் எர்த், ஆர்சிசிபி பற்றி மறுப்பில்லை. ஆனால் கேபிள் இழுக்கும் செலவைச் செய்யும்போது 7.2 கிலோவாட்டுக்கே செய்துவிடலாமே? 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் 32 ஆம்பியருக்கும் 38 மீட்டரில் ஐந்தரை வோல்ட்தான் இழப்பு. நாளை பெரிய கார் வாங்கினாலும் உதவும். மின்பளுவைக் கூட்டி மும்முனை இணைப்பு கேட்க வேண்டியிருக்கும்.

சபாபதி:

கணக்கு சரி, தேவைதான் இல்லை. அந்த அம்மா ஓட்டுவது நாளுக்கு 50 கிலோமீட்டர், ஏழெட்டு யூனிட். 3.3 கிலோவாட் சார்ஜரில் இரண்டரை மணி நேரம். இரவு பத்துக்குத் தொடங்கினால் ஒரு மணிக்குள் முடிந்துவிடும். வண்டியே காலி என்றாலும் எட்டு மணி நேரத்தில் நிரம்பும். அவர் தூங்கும் நேரம் அது. 32 ஆம்பியரைப் பழைய வீட்டின் ஒருமுனை இணைப்பில் ஏற்றினால் ரேழியில் உள்ள மெயின் முதல் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். கேபிளை வேண்டுமானால் 10 ஆகப் போடட்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். மறுபடி சுவர்ப்பக்கம் போக வேண்டியிருக்காது.

3.3 கிலோவாட் ஆனாலும் அனுமதிக்கப்பட்ட மின்பளுவுக்குள் வருகிறதா என்று மின்வாரிய அட்டையைப் பார்த்து, இல்லையென்றால் கூட்டி எழுதிக்கொடுங்கள். இரண்டு மாதக் கணக்கில் காருக்கு மட்டும் 300 யூனிட்டுக்கு மேல் சேரும். வீட்டுச் செலவோடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறும், அதையும் மனதில் வையுங்கள்.

ஜோசப் (புதுச்சேரி):

அக்கா, சுவரைப் பற்றி நான் சொல்கிறேன். எங்களுடையது தமிழர் பகுதியில் உள்ள பழைய வீடு, போன வருடம் இதையே செய்தோம்.

சுண்ணாம்புச் சுவரை வெட்டவே வேண்டாம். வெட்டிய இடத்தைச் சிமென்டால் பூசுவார்கள். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது, இரண்டு மழைக்குப் பின் அதைச் சுற்றிலும் உள்ள பழைய பூச்சு உப்பு பூத்து உதிரும். எங்கள் வீட்டு நடையில் முன்பொரு முறை குழாய்க்காக வெட்டிய கோடு இன்றும் அப்படித்தான் உதிர்கிறது, தினமும் பெருக்குகிறோம்.

நாங்கள் கேபிளை வெளிப்படையாகவே கொண்டுபோனோம். மீட்டரிலிருந்து மேலே ஏற்றி, உத்தரத்தின் மேல்பக்கம், கண்ணுக்குத் தெரியாத விளிம்பில், இரும்புக் குழாய்க்குள். பிளாஸ்டிக் குழாய் வேண்டாம். ஓட்டுக்கூரை வீட்டில் எலியும் அணிலும் இருக்கும், கடித்துவிடும். முற்றத்தைக் கடக்கும் இடத்தில் இறவாணத்தின் அடியில் போனால் வெயிலும் மழையும் படாது. தூணில் துளை போடாதீர்கள். சுவரில் கிளிப் அடிக்க வேண்டியிருந்தால் செங்கல்லில் அடிக்காமல் இரண்டு செங்கலுக்கு நடுவே உள்ள சாந்தில் அடியுங்கள். பின்னால் எடுத்தால் சுண்ணாம்பு வைத்து அடைத்துவிடலாம்.

சாக்கெட்டைச் சுவரில் பொருத்தாதீர்கள். பழைய சுவரில் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி ஈரம் ஏறியிருக்கும். தேக்குப் பலகை ஒன்றில் பொருத்தி, இரும்புக் கால் நட்டு நிறுத்துங்கள். ஒருவேளை கொல்லையின் பின்சுவர் கோயில் மதிலை ஒட்டியிருந்தால் அதில் ஓர் ஆணிகூட வேண்டாம், அது நம்முடையதல்ல.

வைதேகி:

ஜோசப், உங்கள் செய்தியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். “உத்தரத்துக்கு மேல்” என்றதும் எழுந்து போய் டார்ச் அடித்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பழைய தந்திக் கம்பி போன ஓட்டை ஒன்று ரேழிக்கும் கூடத்துக்கும் நடுவே ஏற்கெனவே இருக்கிறதாம், துணி வைத்து அடைத்திருக்கிறார்கள்.

சபாபதி ஐயா, எர்த் குழி எங்கே போடுவது? காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிறோம், தோண்டினால் மணல்தான்.

சபாபதி:

மணல் காய்ந்தால் மின்சாரத்தை ஏற்காது. கோடையில் ஆறு வறண்டால் உங்கள் எர்த்தும் வறண்டுவிடும். அதனால் ஆழமாகப் போங்கள். செம்பு பூசிய பத்தடிக் கம்பி, சுற்றிலும் ஈரத்தைப் பிடித்துவைக்கும் பென்டோனைட் களிமண். கிணற்றுக்குப் பக்கத்தில் ஈரம் இருக்கும், ஆனால் கிணற்றுச் சுவரை விட்டுத் தள்ளி இறக்குங்கள். ஒன்று போதவில்லை என்றால் பத்தடி தள்ளி இரண்டாவது. நெருக்கமாகப் போட்டால் பயனில்லை. எர்த் டெஸ்டர் வைத்து அளந்து எண்ணை எழுதி வாங்குங்கள். “நன்றாக இருக்கிறது” என்று வாய்ப்பேச்சில் முடிக்க விடாதீர்கள். வீட்டின் மற்றச் சாக்கெட்டுகளின் எர்த்தையும் இதிலேயே சேர்த்துவிடுங்கள், அவையும் அந்த ஒரு முழ இரும்பை நம்பித்தானே இருக்கின்றன.

வைதேகி (மூன்று வாரத்துக்குப் பின்):

முடிந்தது. முதல் கம்பியில் 11 ஓம் காட்டியது. துளசி மாடத்தைத் தாண்டி இரண்டாவதை இறக்கியதும் 5.8. கேபிள் 10 சதுர மில்லிமீட்டரே போட்டோம். அந்தப் பழைய ஓட்டை வழியாகவே போயிற்று. புதிதாக ஒரு துளைகூட இல்லை. குழாய்க்கு உத்தரத்தின் நிறத்திலேயே வண்ணம் அடித்துவிட்டார் எலெக்ட்ரீஷியன், நாங்கள் கேட்கவில்லை.

சார்ஜ் ஏறும்போது சாக்கெட்டில் 225. ஃபேஸ்–எர்த்தும் அதற்கு ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் நிலையாக நிற்கிறது. ஐந்து மணி நேரம் தொடர்ந்து ஓடிய பிறகு பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடுதான். ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்த நாள்காட்டியில் குறித்திருக்கிறேன்.

பழைய சாக்கெட்டைக் கழற்றியபோது பின்னால் இருந்த ஒயரைப் பார்த்தேன். மேலே நூல் சுற்றிய ரப்பர் ஒயர். விரலால் தொட்டதும் ரப்பர் பொடியாக உதிர்ந்தது. அதே ஒயர்தான் பூஜை அறைக்கும் போகிறது. வீடு முழுவதும் மாற்ற என்ன வரிசையில் தொடங்குவது, ஐயா?

சபாபதி:

பூஜை அறையும் அடுக்களையும் முதலில், அம்மா. இரண்டையும் இப்போதே ஒரு ஆர்சிசிபிக்குக் கீழ் கொண்டுவாருங்கள். அதைப் போட்டதும் அடிக்கடி விழுந்தால் திட்டாதீர்கள், எங்கோ கசிகிறது என்று சொல்கிறது. எந்த வழியில் விழுகிறது என்று பார்த்து எழுதுங்கள், அங்கிருந்து தொடங்கலாம்.