செக் நாவலில் எட்டு வயதுச் சிறுமியின் குரல்: தமிழில் எப்படி?

கேள்வி:
இரேனா தோவ்ஸ்கோவாவின் 'ஹ்ர்தீ புட்ஜெஸ்' (1998) நாவலைச் சோதனையாக மொழிபெயர்க்கிறேன். 1970களின் செக் சிற்றூர். கதை சொல்பவள் ஹெலென்கா. மழலையில் எழுதினால் செயற்கையாக இருக்கிறது, செந்தமிழில் எழுதினால் பாட்டி பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. தலைப்போ பிடிகொடுக்கவே இல்லை.

பதில் 1:
தலைப்பின் வேர் ஒரு கவிதை வரி: 'ஹ்ர்தீ புத்ய், ஷெஸ் வித்ர்வல்'. 'தாக்குப்பிடித்தாய் என்று பெருமைகொள்' என்பது பொருள். நடுவிலுள்ள இரண்டு சொற்களும் குழந்தையின் காதில் ஒட்டிக்கொண்டு, புட்ஜெஸ் என்ற வீரன் பிறந்துவிடுகிறான். 'ஷெஸ்' என்பதன் கடைசி ஸகரம்தான் 'நீ' என்பதைக் காட்டுவது. அது பெயருக்குள் போய்விட்டதால் 'வித்ர்வல்' தானாகவே 'அவன் தாக்குப்பிடித்தான்' ஆகிறது. தமிழில் 'பிடித்தாய்' என்று வைத்தால் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். 'நீ', 'அவன்' என்று காட்டும் விகுதி இல்லாத வடிவம் வேண்டும். 'பெருமைகொள் நீ தளராததால்' என்று வைத்துப் பாருங்கள்: ளகரமும் நகரமும் சேர்ந்து 'கொண்ணீ' ஆகும், அவளுக்குப் 'பெருமைக் கொண்ணி' கிடைத்துவிடுவான்.

பதில் 2:
'சோவ்த்ருஷ்கோ உச்சிதெல்கோ' என்பதை வெறும் 'டீச்சர்' ஆக்கிவிடாதீர்கள். 1989க்கு முந்தைய கம்யூனிச ஆட்சிக்காலப் பள்ளியில் ஆசிரியையை அப்படித்தான் கூப்பிட வேண்டும். 'தோழர் டீச்சர்' என்றே இருக்கட்டும். இன்னொன்று: செக்கில் ஆண் 'ப்சல்' என்பான், பெண் 'ப்சலா' என்பாள். தமிழில் இருவருக்கும் 'எழுதினேன்' மட்டுமே. அதனால் முதல் பக்கத்திலேயே அவளை யாராவது 'வாடி' என்று கூப்பிட வையுங்கள். நடைக்கு, எழுத்துத் தமிழிலேயே குறு வாக்கியங்கள் போதும். உரையாடல் மட்டும் பேச்சுவழக்கில். வட்டார வழக்கு வேண்டாம், சிறுமி ஊர் மாறிவிடுவாள்.

பதில் 3:
குரல் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். அலெனா மோர்ன்ஷ்டைனோவாவின் 'ஹனா'வில் (2017), 1954இல் ஒன்பது வயதான மிராவின் கதை நினைவிலிருந்து வருகிறது. அங்கே 'பிறகுதான் தெரிந்தது' என்று எழுதலாம். ஹெலென்காவிடம் அந்தப் 'பிறகு' கிடையாது. வழக்கமாகச் சறுக்குவது இங்கேதான்: 1968இல் சோவியத் தலைமையிலான படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்த படையெடுப்பை வாசகருக்கு விளக்க அவள் வாயில் அரை வாக்கியம் திணிப்பார்கள், உடனே ஒரு பெரியவர் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார். விளக்கத்தை முன்னுரைக்குத் தள்ளிவிட்டு, அவள் புரியாமல் சொல்வதைப் புரியாமலேயே விடுங்கள்.